சட்டைக்குக் காவல் இருந்த நாய்

மழை தொடங்கினால் நம் வயதுக்காரர் முதலில் என்ன செய்கிறோம்? கைபேசியை எடுத்து, வங்காள விரிகுடாவில் அந்தச் சிவப்பு வட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். பிறகு கொடியில் கிடக்கிற உடுப்பு ஞாபகம் வந்து மனைவியைக் கூப்பிடுகிறோம். அவர் அரை மணித்தியாலத்துக்கு முன்பே எடுத்து மடித்து வைத்திருப்பார். அதன் பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு கதிரையில் இருக்கிறோம். மழையை அனுபவிப்பது இப்போது இவ்வளவுதான். மறுக்காதீர்கள். உங்களில் மூன்று பேர் போன கிழமைதான் என் முழங்காலுக்கு எண்ணெய் சிபாரிசு செய்தீர்கள்.

ஒரு காலத்தில் மழை என்றால் வீட்டை விட்டு வெளியே ஓடுகிற ஆட்களாக நாம் இருந்தோம் என்பதை நம் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஆகவே இதை அவர்களுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அதிலும் ஒரு விஷயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஊரே நாற்பது வருடமாகப் பெருமையாகச் சொல்லி வருகிற ஒரு கதை கெட்டுப்போகும்.

எங்கள் வீடு மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் இருந்தது. மாரி வந்து வாடைக் காற்று எழும்பினால் அந்தப் பக்கக் கடல் யாரையும் கிட்ட விடாது. வள்ளங்களை இழுத்து மேட்டில் ஏற்றிவிட்டு ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். வீட்டில் இருக்கும் ஆண்களால் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன நன்மை என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா காலையில் போய்க் கடலைப் பார்ப்பார். திரும்பி வந்து கூரையைப் பார்ப்பார். கிடுகு எங்கே ஒழுகுகிறது என்று அம்மாவுக்கு அறிவிப்பார். அம்மா ஏற்கனவே அங்கே சட்டியை வைத்திருப்பா.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விடுமுறை. நத்தார்ப் பாலன் பிறக்க இன்னும் இரண்டு கிழமை. என்னிடம் ஒரு நாய் இருந்தது.

என்னிடம் இருந்தது என்று நான்தான் சொல்கிறேன். அம்மாவின் கணக்கில் அது வீட்டுக்குள் வந்துபோகிற ஒரு நாய், அவ்வளவுதான். நனைந்த மணலின் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். அதற்குப் பெயர் வைக்க அம்மா விடவில்லை.

"பேர் வைச்சா பிறகு துரத்தேலாது," என்றா.

அதனால் அதை நாய் என்றே கூப்பிட்டோம். ஊரில் இருந்த மற்ற நாய்கள் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்ததால் குழப்பம் வரவில்லை.

அதன் தொழில் களவு. மாரியில் கருவாடு காய வைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் வெயில் எட்டிப் பார்க்கும். ஊர் முழுக்க ஓடிவந்து மீனைப் பரப்பும். மழை இருட்டும். ஊர் முழுக்க ஓடிவந்து அள்ளும். இந்தப் பரப்புக்கும் அள்ளுக்கும் இடையில் எங்கள் நாய் எல்லா வீட்டுப் பாய்களையும் மேற்பார்வை செய்துவிட்டு வரும். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டுவா.

"இஞ்சேர், உங்கட நாய்க்கு என்ர கீரிமீனில என்ன நேர்த்தி? வேற ஆற்றையும் பாயில வாய் வைக்காதாமே?"

"உங்கட மீன்தான் ருசியாம் மாமி," என்று நான் சொன்னேன். அதற்கு அம்மாவிடம் ஒன்று வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெருநிலத்திலிருந்து வயல்காரர் வந்தார். வருடத்தில் இரண்டு மூன்று தடவை பஸ்ஸில் அரிசி மூட்டையோடு வருவார், கருவாட்டோடு போவார். சொந்தமில்லை, ஆனால் அப்பா அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும். எங்கள் வீட்டு மாதா படத்தையும் ஒரு கும்பிடு கும்பிட்டுவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். அன்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே தன் குறையைச் சொன்னார்.

"காட்டுப் பண்டி வந்து வயலை உழுதுபோட்டுப் போகுது தம்பி. எனக்கு ஒரு நல்ல நாய் வேணும்."

அப்பா எங்கள் நாயைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தா. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எல்லாரையும் பார்த்தா.

"வாற சனிக்கிழமை வாங்கோ அண்ணை. இதைக் கொண்டுபோங்கோ," என்றார் அப்பா.

"வாக்குத்தானே?"

"வாக்குத்தான்."

நான் அழுதேன். உருண்டேன். சாப்பிட மாட்டேன் என்று அறிவித்தேன். அன்று மீன் குழம்பு என்று தெரிந்ததும் அந்த அறிவிப்பை மட்டும் திரும்பப் பெற்றேன். இரவு அப்பா என்னை முன்னால் இருத்திக் கேட்டார்.

"அது இந்த வீட்டில என்ன வேலை செய்யுது? ஒண்டு சொல்லு பாப்பம்."

யோசித்தேன். கடிக்காது. குரைக்காது. கள்ளன் வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே கூட்டி வந்து விடும்.

"அப்ப சனிக்கிழமை போகட்டும். அங்க வயல் இருக்கு, வேலை இருக்கு," என்றார் அப்பா.

சனிக்கிழமைக்கு முன் நாய்க்கு ஒரு உத்தியோகம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு ஐந்து நாட்கள் இருந்தன.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் கரை பொறுக்குவது. வாடைக் காற்றில் எங்கள் கரைக்கு எல்லாம் வந்து சேரும். விடியற்காலையில் போனால் முழங்கால் உயரத்துக்குச் சாதாழை குவிந்து கிடக்கும். கடற்புல்தான், ஆனால் அந்த மணம் இருக்கிறதே, உப்பும் அழுகலும் கொஞ்சம் அயடினும் சேர்ந்த மணம், இன்றைக்கும் எந்தக் கடற்கரையில் அது மூக்கில் பட்டாலும் நான் பத்து வயதாகிவிடுவேன். முழங்காலைத் தவிர. அந்தக் குவியலைக் காலால் கிளறினால் வலையில் இருந்து அறுந்த மிதப்புகள், கணவாய் ஓடுகள், அக்கரையில் இருந்து வந்த வெற்று மருந்துப் போத்தல்கள், உடையாமல் வந்த ஒரு மின்குமிழ், தலை இல்லாத பொம்மை, எல்லாம் வரும். செருப்பும் வரும். எல்லாம் இடது கால் செருப்பு. வலது கால் செருப்புகள் இராமேஸ்வரத்தில் ஒதுங்குகின்றன என்றும், அங்கே ஒரு பெடியன் இதே கவலையோடு நிற்கிறான் என்றும் நான் உறுதியாக நம்பினேன்.

மழைக்கு எங்களுக்கு உடுப்பு உரப்பைதான். வெள்ளைப் பிளாஸ்ரிக் பையின் அடி மூலை ஒன்றை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்தால் முதுகு முழுக்க மூடிவிடும். மழை அதன் மேல் விழுகிற சத்தம் காதுக்குள் அரிசி கொட்டுகிற மாதிரி இருக்கும். உள்ளே சூடு, வெளியே குளிர். நாய் எனக்கு முன்னால் ஓடும். பத்து அடிக்கு ஒருதரம் நின்று உடம்பை உதறி, மழை தீர்ந்துவிட்டது என்று நினைத்து, மறுபடியும் நனையும். நண்டுப் பொந்து ஒவ்வொன்றுக்குள்ளும் மூக்கை விட்டு விசாரிக்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற, தொட்டால் எரிக்கிற சொறிமுட்டையைக் கண்டால் மட்டும் தள்ளி நிற்கும். அதற்கு அந்த அறிவு எப்படி வந்தது என்பதை அதன் மூக்கு சொல்லும்.

திங்கட்கிழமை மூன்று மிதப்புகளைக் கொண்டுபோய் அப்பாவின் முன்னால் வைத்தேன்.

"நாய் கண்டுபிடிச்சது."

செவ்வாய்க்கிழமை ஒரு செருப்பு.

"இதையும் நாய்தான்."

"அப்ப அதையே போட்டுக்கொண்டு திரியச் சொல்லு," என்றா அம்மா.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரிப்பதென்றால் அப்படித்தான்.

வியாழக்கிழமை காலை நல்ல மழை. நான் புறப்படும்போது ஆறு வயதுத் தங்கச்சி தன் உரப்பையோடு பின்னால் வந்தாள். "நானும் வாறன் அண்ணா" என்றாள். உத்தியோக விஷயமாகப் போகிறவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இடைஞ்சல். "போடி வீட்டை" என்று ஒழுங்கை முனையில் வைத்துத் துரத்திவிட்டு ஓடினேன்.

அன்றுதான் அந்தக் கட்டை கிடைத்தது. என்னைப் போல் இரண்டு மடங்கு நீளம், கறுத்த, பாரமான மரம். ஏதோ பெரிய கப்பலின் விலா எலும்பு மாதிரி இருந்தது. அப்பாவின் வள்ளம் இரண்டு உளுத்த தென்னங்குற்றிகளின் மேல்தான் கிடந்தது. நல்ல கட்டை ஒன்று வேண்டும் என்று மாரி தொடங்கின நாளிலிருந்து அவர் புலம்பிக்கொண்டிருந்தார். நாய் அதன் மேல் ஏறி நின்றது, பிறகு அதில் சிறுநீர் கழித்தது. கண்டுபிடித்ததற்கு அத்தாட்சி அதுதான் என்று முடிவு செய்தேன்.

தூக்க முடியாது, உருட்டவும் முடியாது. ஆனால் எங்கள் கரையில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒதுங்கின சாமானைத் தனியாகக் கொண்டுபோக முடியாதவன் தன் உடம்பில் இருக்கிற ஏதாவது ஒன்றை அதன் மேல் வைத்துவிட்டுப் போகலாம். தலைத்துண்டு, பெல்ட், செருப்பு, எதுவும். உடம்பில் இருந்து கழற்றினதாக இருக்க வேண்டும், ஊர் பார்த்தால் இன்னாருடையது என்று தெரிய வேண்டும். அது இருக்கும் வரைக்கும் அந்தச் சாமானை எவரும் தொட மாட்டார்கள். கொலைகாரனும் தொட மாட்டான்.

என் உரப்பையை வைக்க முடியாது. ஊரில் எல்லாப் பெடியளின் உரப்பையும் ஒன்றுதான். அதனால் போன நத்தாருக்கு அம்மா தைத்த சிவப்புச் சட்டையைக் கழற்றிக் கட்டையின் மேல் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லை வைத்தேன். வெறும் மேலில் உரப்பையைப் போட்டுக்கொண்டேன்.

"இதில இரு. அசையாத," என்று நாயிடம் சொன்னேன்.

அது இருந்தது. நான் சொன்ன எதையும் வாழ்க்கையில் கேட்டிராத நாய், என் சட்டைக்குப் பக்கத்தில் மூக்கை நீட்டி, காலை மடித்து இருந்தது. எனக்கே கொஞ்சம் பயமாகப் போய்விட்டது.

ஓடிப்போய் அப்பாவைக் கூட்டி வந்திருக்கலாம். ஆனால் அப்பா வந்து இழுத்தால் அது அப்பாவின் கட்டையாகிவிடும். நாயும் நானும் இழுத்து வந்து முற்றத்தில் போட வேண்டும். "இதுதான் அது செய்யிற வேலை" என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு ஒரு கயிறும் ஒரு கழுதையும் தேவைப்பட்டன.

கயிறு உடனே கிடைத்தது. கழுதைகளுக்கும் மன்னாரில் தட்டுப்பாடு இல்லை. வாசிகசாலைச் சுவரோடு ஐந்து கழுதைகள் மழைக்கு ஒதுங்கி நின்றன. அதில் சாதுவாகத் தெரிந்த ஒன்றின் கழுத்தில் கயிற்றைப் போட்டேன். அது எதிர்க்கவில்லை. போட விட்டது. பிறகு நிற்க ஆரம்பித்தது.

ஒரு கழுதை நிற்கத் தீர்மானித்தால் எப்படி நிற்கும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருந்து இழுத்தேன். பின்னால் இருந்து தள்ளினேன். பூவரசம் குழை காட்டினேன். அது குழையை எடுத்துத் தின்றுவிட்டு நின்றது. அதன் காதுக்குள் நாயின் கதையை முழுதாகச் சொன்னேன். அதன் தூரத்துச் சொந்தமான ஒரு பிராணிக்கு வந்திருக்கிற கஷ்டம் என்று விளங்கப்படுத்தினேன். கோயில் முற்றம் வரைக்கும் வந்தது, அங்கே மறுபடியும் நின்றது. இப்படி எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. ஒரு பெருமழை தீர்ந்து இன்னொன்று தொடங்கியிருந்தது.

இதற்குள் கடல் ஏறியிருக்கிறது. எனக்கு அது ஞாபகமே வரவில்லை. கட்டை மிதந்து போய்விட்டது. சட்டை நுரைக்குள் விழுந்திருக்கிறது. நாய் அதைக் கவ்வி இழுத்து, ஈர மணலில் போட்டு, அதன் மேல் ஒரு முன்னங்காலை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. முதலில் கண்டவர் வலைகாரர் ஒருவர். கட்டை இருந்த இடத்தில் சட்டை இருந்தால் குறி. கட்டை இல்லாமல் அலை வாயில் சட்டையும், அதற்குப் பக்கத்தில் அசையாமல் ஒரு நாயும் இருந்தால்? அவர் நாயைக் கூப்பிட்டாராம், அது வரவில்லையாம். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

கோயில் மணி அடித்தது. பூசைக்கு அடிக்கிற மணி இல்லை. நிறுத்தாமல் அடிக்கிற மணி. கழுதை மிரண்டு கயிற்றோடு ஓடிவிட்டது. நான் சனம் ஓடுகிற பக்கம் ஓடினேன்.

கரையில் ஊர் முழுக்க நின்றது. ஆண்கள் கைகோத்துக்கொண்டு மார்பளவு தண்ணீருக்குள் நின்றார்கள். பெண்கள் ஈர மணலில் முழங்காலில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவாமியாரைக் கூட்டி வர ஒரு சைக்கிள் போயிருந்தது. நான் பின்வரிசையில் போய் நின்றேன். முன்னால் பத்துப் பதினைந்து உரப்பைகள். பக்கத்து வீட்டு மாமி கண்ணைக் கடலிலிருந்து எடுக்காமலே என் தோளைப் பிடித்து அமத்தினா.

"முழங்காலில நில் ராசா. நீயும் சொல்லு."

நின்றேன். சொன்னேன். அருள் நிறைந்த மரியே.

"ஆர் மாமி?" என்று இடையில் கேட்டேன்.

"கதையாத, செபத்தைச் சொல்லு," என்று அழுதா. "என்ன நல்ல பிள்ளை! தாய் சொல்லுக்கு மறுசொல்லு இல்லை. வாயில ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பூசைக்கு ஒரு நாள் தவறினவனில்லை. என்னோட எவ்வளவு மரியாதை! அப்பிடிப் பிள்ளைகளைத்தான் ஆண்டவர் கெதியில எடுக்கிறார்."

அப்படி ஒரு பிள்ளையை எனக்கு ஊரில் ஒருவனைத்தான் தெரியும். ஞானோபதேசப் பரீட்சையில் ஒவ்வொரு வருடமும் முதற்பரிசு எடுக்கிறவன். எனக்கு அழுகை வந்தது. அவனுடைய ஆத்துமத்துக்காக இரண்டு பத்துமணி மனமுருகிச் சொன்னேன். இந்த வருடம் முதற்பரிசு யாருக்குப் போகும் என்ற கேள்வியும் ஒரு கணம் வந்தது. உங்களிடம் மறைக்க மாட்டேன். வந்தது.

அப்போது முன்னால் நின்ற பெண்கள் கொஞ்சம் விலகினார்கள். நடுவில் அம்மா. மூன்று பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் தலைமுடி அவிழ்ந்து முகத்தோடு ஒட்டியிருந்தது. தண்ணீருக்குள் பார்த்தேன். எல்லாருக்கும் முன்னால், அலை தலைக்கு மேலால் போகிற இடத்தில், ஒருவர் மூழ்கி எழும்பி, எழும்பி மூழ்கிக்கொண்டிருந்தார். எழும்புகிற ஒவ்வொரு தரமும் திரும்பிக் கரையைப் பார்த்தார். அப்பா.

அப்படியென்றால் அப்பா தேடுகிறது எங்கள் வீட்டுப் பிள்ளையை. தங்கச்சி.

பின்னால் வந்தவளைத் துரத்திவிட்டேனே, அவள் வீட்டுக்குப் போகவில்லை. என்னைத் தேடிக் கரைக்கு வந்திருக்கிறாள். எல்லாப் புனிதர்களுக்கும் ஒவ்வொரு நேர்த்தி வைத்தேன். நாயை வயல்காரரே கொண்டுபோகட்டும். இனி மாமியின் மீனை நானே காவல் காப்பேன். கணக்குப் பாடம் படிப்பேன். அந்த அரை நிமிடத்தில் நான் கொடுத்த வாக்குகளை நிறைவேற்றியிருந்தால் இன்றைக்கு நான் சுவாமிமாருக்கெல்லாம் மேலான ஒரு மேற்றிராணியாராக இருந்திருப்பேன். கடைசியில் வாயைத் திறந்து கத்தினேன்.

"தங்கச்சீ!"

"என்ன?" என்றது எனக்குப் பின்னால் நின்ற ஒரு சின்ன உரப்பை.

திரும்பிப் பார்த்தேன். அவளேதான். மூக்குச் சளி உட்பட.

அவளும் என்னைப் பார்த்தாள். ஒரு ஆச்சரியமும் இல்லாமல் முன்னால் பார்த்துக் கத்தினாள். "அம்மா, அண்ணா இஞ்ச நிக்கிறான்!"

இரண்டு மூன்று பெண்கள் விம்மினார்கள். மாமி அவளை இழுத்து மடியோடு அணைத்தா. "அப்பிடிச் சொல்லக்கூடாதம்மா. அண்ணா மேல போயிட்டார். அங்கயிருந்து உன்னைப் பாத்துக்கொண்டு நிப்பார்."

"இல்லை மாமி, இஞ்ச நிண்டுதான் பாக்கிறான்."

அவளுக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணா. அதை நான் எண்ணிப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த நல்ல பிள்ளை நான். செத்துப்போனது நான். நான் உருகி உருகிச் சொன்னது என் ஆத்துமத்துக்கு.

உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷம் வரவில்லை. உயிரோடு இருப்பது வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்ற பயம்தான் வந்தது. இப்படியே செத்தவனாக இருந்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். பஸ் ஏறி முசலிப் பக்கம் போய், வேறு பெயரில் வளர்ந்து, ஒரு வேலை எடுத்து, இருபது வருடம் கழித்து நல்ல உடுப்போடு திரும்பி வரலாம். மெல்ல முழங்காலாலேயே பின்னுக்கு நகரத் தொடங்கினேன்.

நாய் விடவில்லை. என் குரல் அதற்குக் கேட்டிருக்கிறது. சட்டையைக் கவ்விக்கொண்டு ஊரைப் பிளந்து வந்து என் மேல் பாய்ந்தது. உரப்பை பறந்தது. வெறும் மேலோடு, செபமாலைக்கு எண்ணிக்கொண்டிருந்த விரல்களோடு, ஊருக்கு முன்னால் நான்.

செபம் நின்றது. மழை மட்டும் பெய்தது.

"ஐயோ மாதாவே!" என்று மாமி அலறினா. "செத்தவன் தனக்குத் தானே செபமாலை சொல்லுறான்!"

அடுத்து அம்மா வந்தா. பிடித்திருந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே வந்தா. நாயின் வாயிலிருந்து சட்டையைப் பிடுங்கினா. அந்த ஈரச் சட்டையாலேயே என்னை அடித்தா. அடித்துக்கொண்டே அழுதா. அழுதுகொண்டே முத்தம் தந்தா. தந்துகொண்டே மறுபடியும் அடித்தா. அம்மா சட்டையை ஓங்குகிற ஒவ்வொரு தரமும் நாய் துள்ளித் துள்ளி அதை மறித்தது.

"பாருங்கோ, பாருங்கோ! பிள்ளையை அடிக்க விடுதில்லை!" என்று ஊர் அழுதது. "வாயில்லாச் சீவனுக்கு இருக்கிற பாசம்!" வலைகாரர் கண்ணைத் துடைத்தார். கூப்பிட்டும் வராமல் அந்த இடத்தையே காட்டிக்கொண்டு இருந்ததை எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் கரையில் விசுவாசம் என்றால் அந்த நாய்தான். அதைத்தான் நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறார்கள்.

நான் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். சட்டைப் பைக்குள் ஒரு திருக்கைக் கருவாட்டுத் துண்டு இருந்தது. வழியில் கடிக்க வைத்திருந்து மறந்துவிட்டேன். நாய் காவல் காத்தது அதை. துள்ளினதும் அதற்குத்தான். பொத்தான் போட்ட பை என்பதால் அதற்கு எடுக்கத் தெரியவில்லை. பாவம், கடல் ஏறி இறங்கும் வரைக்கும் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

பின்னேரம் அம்மா அந்தச் சட்டையைத் துவைக்கும்போது பைக்குள் கையை விட்டா. துண்டை வெளியே எடுத்தா. அதைப் பார்த்தா, நாயைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு எட்டி அதை நாய்க்குப் போட்டுவிட்டுத் துவைக்கத் தொடங்கினா. சாகும் வரைக்கும் அவ அதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. கரையிலிருந்து வந்து இடுப்பில் ஈரச் சாரத்தோடு கதிரையில் இருந்தார். அம்மா தேத்தண்ணியைக் கொடுத்தா. கோப்பை தட்டில் கிடந்து கடகடவென்று ஆடியது. குளிர் என்று நினைத்தேன்.

அது குளிர் இல்லை என்று எனக்குப் போன மாரியில்தான் தெரிந்தது. மகன் ரியூசனிலிருந்து வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. மழை. அவனுடைய கைபேசி வேலை செய்யவில்லை. பத்து நிமிடத்தில் அவனுடைய சிநேகிதர் எல்லாருக்கும் போன் எடுத்தேன். வாத்தியாருக்கு எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன், மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு. முக்கால் கிலோமீற்றர் தலைக்கவசத்தோடு ஓடின ஒரு கொழுத்த மனிதனை அன்றைக்கு நகரத்தில் பலர் பார்த்திருக்கிறார்கள். உங்களில் ஒருவர் கை காட்டினதும் ஞாபகம். எந்தத் திசையில் ஓடுகிறேன் என்பது எனக்கே தெரியாது. அதுதான் அதில் மோசமானது. திரும்பி வீட்டுக்கு வந்தால், மகன் பின்னறையில் நித்திரை முறித்து எழும்பி வந்தான். அன்றைக்கு வகுப்பே இல்லையாம். "ஆரைத் தேடுறியள் அப்பா?" என்று கேட்டான். எனக்குத் தந்த தேத்தண்ணிக் கோப்பையும் அப்படித்தான் ஆடியது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வயல்காரர் வந்துவிட்டார். கையில் புதுக் கயிறு. நான் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பின்னால் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த அரை நிமிடத்தில் வைத்த நேர்த்தியில் நாயையும் விட்டுக்கொடுத்திருந்தேன் என்பது ஞாபகம் வந்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"பஸ்ஸில இந்தக் கதைதான் தம்பி," என்றார் வயல்காரர். "வைச்ச இடத்தில அசையாம இருக்குமாம். எனக்கு இப்பிடி ஒண்டுதான் தேவை."

"ஆர் சொன்னது?" என்றார் அப்பா. "அது சரியான கள்ள நாய் அண்ணை. சொன்னது கேளாது. குரைக்கத் தெரியாது. பண்டியைக் கண்டா அதோட விளையாடும்."

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. இதில் பொய்யும் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லும்போதும் பொய் சொல்கிறவர் மாதிரி வேர்த்தது அவருக்கு.

வயல்காரர் அவரையே பார்த்தார். "வாக்குத் தந்தனி தம்பி."

"ஓம் அண்ணை. தந்தனான்." அப்பா தலையைக் குனிந்தார். "இப்ப மாறுறன். எனக்கு வெக்கமாத்தான் கிடக்கு."

"ஏன்?"

"தண்ணிக்குள்ள நிக்கேக்க ஒரு பக்கமும் விளங்கேல்லை அண்ணை. கடல் முழுக்க ஒரே மாதிரிக் கிடந்துது. எழும்பி எழும்பி அந்த நாய் இருந்த இடத்தைப் பாத்துத்தான் தேடினனான். அது இல்லாட்டி நான் எங்க எண்டு தேடியிருப்பன்?"

எனக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் நான் இனியும் மூழ்குவேன் என்று எதிர்பார்க்கிறாரா?

வயல்காரரின் மூத்த மகன் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் பஸ் ஏறிப் போனவர், திரும்பி வரவில்லை. சண்டை தொடங்கின அந்த வருடங்களில் அப்படிப் பல வீடுகள் இருந்தன. அது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியாது. அதனால் அவர் ஏன் அவ்வளவு நேரம் அம்மா தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார் என்றும் விளங்கவில்லை.

பிறகு அவர் மடியில் கிடந்த புதுக் கயிற்றை மெல்ல மெல்லச் சுற்றினார்.

"எங்களுக்கு அப்பிடிக் காட்ட ஒண்டும் இருக்கேல்லைத் தம்பி," என்றார். "வைச்சிரு."

கருவாட்டுப் பொதியோடு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். அப்பா ஒழுங்கை முனை வரைக்கும் கூடப் போனார். திரும்பி வரும்போது மழை மறுபடியும் தொடங்கிவிட்டது. நான் பீப்பாவுக்குப் பின்னாலிருந்து வந்து, உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவரைக் கடந்து நழுவப் பார்த்தேன்.

"எங்க போறாய்?"

"கரைக்கு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா குனிந்து, என் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"தனியப் போகாத," என்றார். "அதையும் கூட்டிக்கொண்டு போ."